கண்ணை மூடினால் காணாமல் போகிறவர்கள்

கேள்வி இதுதான்: வீட்டில் ஒன்றரை வயதில் ஒன்று, மூன்றரை வயதில் ஒன்று. பார்க்கிறவர்கள் எல்லாம் "இந்த வயசுதாங்க அழகு, நல்லா அனுபவிங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நமக்கோ காலையிலிருந்து ராத்திரி வரை கத்தலும் துடைத்தலும்தான் கண்ணில் படுகிறது. அப்படி அனுபவிக்க இதில் என்னதான் இருக்கிறது?

நியாயமான கேள்வி. "அனுபவிங்க" என்கிறவர்களை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், அவர்கள் அனேகமாக நேற்று ராத்திரி முழுசாகத் தூங்கி எழுந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளும் ஒரு காலத்தில் சுவரில் கிறுக்கி, செருப்பைக் கடித்து, நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து விளையாடியவைதான். அதெல்லாம் மறந்துபோய் சிரித்த முகம் மட்டும் ஞாபகத்தில் தங்கியிருக்கும்.

நான் மழலையர் வகுப்பில் பல வருஷமாக வேலை பார்க்கிறவள், வீட்டிலும் இரண்டு வளர்ந்தன. எனக்குத் தெரிந்தவரை குழந்தைகள் சிரிப்பு மூட்டுவது அசட்டுத்தனத்தால் இல்லை. கையில் இருக்கிற நாலே நாலு தகவலை வைத்துக்கொண்டு மொத்த உலகத்துக்கும் கணக்குப் போடுகிறார்கள், வழி ரொம்பச் சரி, விடை மட்டும் எங்கேயோ போய் நிற்கிறது. அந்த வழி எது என்று உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி ரகளை நடந்துகொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிடும், பத்து வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. மனசு இளகுகிற நேரங்களும் இதே கணக்கிலிருந்துதான் வருகின்றன, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒளிந்து விளையாடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்றரை வயசு இப்போது என்ன செய்யும் என்று பார்க்காமலே சொல்கிறேன். கூடத்தின் நட்டநடுவில் நின்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு "என்னைக் கண்டுபிடி" என்று கத்தும். திரைக்குப் பின்னால் போனாலும் தலை மட்டும்தான் உள்ளே, வயிறும் காலும் வெளியே. நாம் சும்மா "காணோமே, எங்க போயிட்டான்" என்று தேடுகிற மாதிரி நடித்தால் திரை குலுங்கும், பொறுக்க முடியாமல் "இங்க இல்ல!" என்று உள்ளேயிருந்தே பதில் வரும். இது வெறும் விவரமின்மை என்றுதான் ரொம்ப நாள் எல்லோரும் நினைத்திருந்தார்கள்: நான் உன்னைப் பார்க்கவில்லை, அதனால் நீயும் என்னைப் பார்க்கவில்லை என்று குழந்தை நினைக்கிறது, அவ்வளவுதான் என்று. கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ரஸ்ஸல் என்பவரும் அவருடைய மாணவர்களும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் கண்ணைக் கட்டிவிட்டு இதை நிதானமாகக் கேட்டுப் பார்த்தார்கள், 2012ல் அந்த ஆய்வு வெளிவந்தது. இப்போது எங்களால் உன்னைப் பார்க்க முடிகிறதா என்றால் பெரும்பாலான குழந்தைகள் முடியாது என்றன. சரி, உன் உடம்பைப் பார்க்க முடிகிறதா என்றால், ஓ, அது தெரியுமே என்றன! அதாவது உடம்பு வேறு, 'நான்' வேறு. கண்ணும் கண்ணும் சந்தித்தால்தான் 'என்னை'ப் பார்த்ததாக அர்த்தம். பெரிய பெரிய தத்துவக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தை இது திரைக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டு சாதாரணமாகச் சொல்கிறது. அடுத்த தடவை அது கண்ணைப் பொத்தும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வயசுக்கு வேறு கணக்கு. கரண்டியைக் கீழே தள்ளிவிட்டு நம் முகத்தையே பார்க்கும், எடுத்துக் கொடுத்தால் மறுபடி தள்ளும். நமக்குக் கோபம் தலைக்கு ஏறும். அங்கே ஒரே நேரத்தில் இரண்டு சோதனை நடக்கிறது: இந்தப் பொருள் ஒவ்வொரு தடவையும் விழுமா, இந்த ஆள் ஒவ்வொரு தடவையும் எடுத்துத் தருவாரா. முதல் கேள்விக்கு விடை சீக்கிரம் கிடைத்துவிடும், இரண்டாவதில்தான் சுவாரசியம் அதிகம். அதே வயதில் இன்னொன்றும் பார்க்கலாம், உள்ளங்கை அளவு பொம்மைக் காருக்குள் காலை நுழைக்கப் பார்க்கும், பொம்மை வீட்டு நாற்காலியில் ரொம்ப சீரியஸாக உட்காரப் போகும். விளையாட்டுக்குச் செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், நிஜமாகவே ஏறப் பார்க்கிறது, ஏற முடியவில்லை என்றதும் முகம் சுருங்கும். ஜூடி டெலோச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2004ல் இதை எழுதினார்கள், ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரைக்கும் இதைச் சகஜமாகப் பார்க்கலாம். கார் என்று தெரிந்துவிட்டது, காரில் ஏற வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது, அளவு என்ற மூன்றாவது சமாச்சாரம் அந்த நேரத்தில் வந்து சேரவில்லை. காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது பெரியவர்கள் செய்கிற சில காரியங்களும் இந்த வகைதான் என்பது என் அபிப்பிராயம்.

போன் பேச்சு இன்னொரு கூத்து. அந்தப் பக்கம் தாத்தா "தூங்கினியா செல்லம்?" என்று கேட்பார், இது ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டும். "ஹலோ, லைன்ல இருக்கியா?" இன்னும் பலமாக ஆட்டும். அப்புறம் முழங்காலில் இருக்கிற காயத்தைத் தூக்கி போன் மேல் வைத்து "பாரு தாத்தா" என்னும். வீடியோ இல்லாத அழைப்பில்தான் இந்த வேடிக்கை, முகம் தெரிகிற அழைப்பு வந்த பிறகு இது கொஞ்சம் குறைந்துபோனதில் எனக்கு வருத்தம்தான். நிலா நம்மோடேயே வருகிறது என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் குழந்தைகளிடம் நிலா எப்படி நகர்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தபோதும், நாங்கள் நடந்தால் அதுவும் கூடவே வருகிறது என்று அவை சொல்லியிருக்கின்றன.

காலக் கணக்கு இதைவிட மோசம். நேற்று என்றால் நடந்து முடிந்த எல்லாம், நாளைக்கு என்றால் இனி வரப்போகிற எல்லாம், சில வாரங்களுக்கு இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். எங்கள் வீட்டுச் சின்னவன் ஒருநாள் என் எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்று, "நீ நாளைக்கு என்னைத் திட்டினல்ல, அதுக்கு நான் இன்னும் கோவமா இருக்கேன்" என்றான். நாளைக்கு நான் திட்டப்போவது என்னவோ உறுதிதான், அதனால் மறுத்துப் பேச வாயில்லை. அதேபோல 'நீ'யும் 'நானு'ம். நாம் குழந்தையைப் பார்த்து "உன்னைத் தூக்கணுமா?" என்று கேட்கிறோம், அதனால் அது தன் பெயரே 'உன்னை' என்று முடிவு கட்டி, கையை உயர்த்திக்கொண்டு "உன்னைத் தூக்கு, உன்னைத் தூக்கு" என்கிறது. திருத்தவே வேண்டாம். தானாக நேராகிவிடும், ஒருநாள் சட்டென்று "என்னை" என்று வரும்போது உங்களுக்குத்தான் எதையோ தொலைத்தது மாதிரி இருக்கும்.

சரி, இனி கழுத்தை அறுக்கிற பகுதிக்கு வருவோம். "நானே."

கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, காலுறை மாட்ட வேண்டும். நீங்கள் குனிந்தால் கையைத் தட்டிவிட்டு "நானே!" என்று உட்காரும். முதலில் காலுறையைக் கையில் மாட்டிப் பார்க்கும், அது சரியாக இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் ரசிக்கும். அப்புறம் காலுக்கு. கட்டைவிரல் உள்ளே போய்விட்டது, சுண்டுவிரல் வெளியே நிற்கிறது. நாக்கு வாயோரத்தில் எட்டிப் பார்க்கிறது, மூச்சு சத்தமாக வருகிறது. இழுக்கிறது, பின்னால் சாய்ந்து விழுகிறது, விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு காலை ஆகாயத்தில் நீட்டி மறுபடி இழுக்கிறது. கடைசியில் குதிகால் வர வேண்டிய இடம் பாதத்துக்கு மேலே பொம்மி நிற்க, எழுந்து நின்று உங்களைப் பார்க்கும் ஒரு பார்வை இருக்கிறதே, மலை ஏறி இறங்கினவர் முகத்தில்கூட அவ்வளவு கௌரவம் இருக்காது. இந்த இடத்தில் ஒரே ஒரு வேண்டுகோள். குதிகாலைத் திருப்பிச் சரி செய்யாதீர்கள், அப்படியே செருப்பைப் போட்டுக் கூட்டிப் போங்கள், ஒன்றும் ஆகாது. சரி செய்தீர்களோ, மொத்தத்தையும் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். நேரம் இல்லாத நாளில் "நானே"வுக்கு இடம் கொடுக்கவும் வேண்டாம். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தக் கத்தக் கிளம்புவதில் எந்தப் பாவமும் இல்லை. தினமும் பொறுமையின் வடிவமாக இருக்கச் சொல்கிற புத்திமதிகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

அழுகைக் காரணங்களைத் தனிப் பட்டியலாகவே போடலாம். கிரேயான் உடைந்துவிட்டது, "மறுபடி ஒண்ணா ஆக்கு." புதுசு எடுத்துக் கொடுத்தால் அது வேண்டாம், உடைந்த அதேதான் முழுசாக வேண்டும். நீலக் கோப்பையைக் கேட்டது, நீலக் கோப்பையைக் கொடுத்தோம், அது நீலமாக இருக்கிறதே என்று அழுகை. விளக்கை நாம் அணைத்துவிட்டோம், அது அணைக்க வேண்டியதாம், மறுபடி போட்டுக் கொடுத்தாலும் ஆறாது, ஏனென்றால் முதல் தடவை அணைத்தது போனது போனதுதான். வெளியிலிருந்து பார்த்தால் அடமாகத் தெரியும். அதற்கு எல்லாமே முதல் தடவையாக நடக்கிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். சில விஷயங்களைத் திருப்ப முடியாது என்ற தகவலே இப்போதுதான் கிரேயான் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது, நாமெல்லாம் இன்னும் பெரிய கிரேயான்களுக்கு அழுதுகொண்டுதானே இருக்கிறோம். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லிப் பிரயோசனமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா, உடைஞ்சு போச்சு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், அதிசயமாக வேலை செய்யும். எல்லா நாளும் செய்யும் என்று சொல்ல மாட்டேன்.

பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது என்று பதறி வருகிற பெற்றோரிடம் நான் பாதி விளையாட்டாக வாழ்த்துச் சொல்வதுண்டு. பெரியவளுக்கு மூன்றரை, நாலு வயதிருக்கும், சுவர் முழுக்க ஸ்கெட்ச் பேனாக் கோடு. மூக்கு நுனியிலும் அதே பச்சை, கையில் மூடி கழன்ற பேனா. "யாரு கிறுக்கினது?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் "காத்து" என்றாள். ஜன்னலைப் பார்த்தேன், சாத்தியிருந்தது. அவளும் பார்த்தாள். "இப்ப போயிடுச்சு" என்றாள். இப்படி ஒரு பொய் சொல்ல எவ்வளவு மூளை வேண்டும் தெரியுமா? எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், அம்மா மண்டைக்குள் வேறு ஒரு படம் ஓடலாம், அந்தப் படத்தை நான் மாற்றலாம் என்பதெல்லாம் புரிந்திருக்க வேண்டும். விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983ல் ஒரு கதையை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான், அவன் இல்லாதபோது அம்மா வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயசுக்காரர்கள் அனேகமாகப் புது இடத்தைத்தான் காட்டுவார்கள், தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று. நாலு, ஐந்து வயதில்தான் "பழைய இடத்துலதான் தேடுவான், பாவம், அவனுக்குத் தெரியாதுல்ல" என்று வருகிறது. பொய்க்கும் இந்தப் 'பாவ'த்துக்கும் வேர் ஒன்றுதான். சுவரை மட்டும் இரண்டு பேருமாகச் சேர்ந்து துடைத்தோம், அதில் தள்ளுபடி கிடையாது.

ராத்திரிக் கதை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே புத்தகம், ஒரே கரடி, நமக்கு மனப்பாடமாகி, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற அளவுக்குப் போயிருக்கும். கண் செருகுகிறதே என்று நைசாக இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினால், பாதித் தூக்கத்தில் இருந்த உடம்பு சட்டென்று எழுந்து உட்கார்ந்து "கரடி இன்னும் தும்மவே இல்ல" என்னும். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கரடியால் பயன் உண்டு. ஜெசிகா ஹார்ஸ்ட் என்பவர் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்து 2011ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கதையில் அடுத்தது என்ன என்ற கவலை ஓய்ந்த பிறகுதான் சொல் மேல் கவனம் போகிறது போல. நம் பங்குக்கு, கரடியின் தும்மலை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தும்மிப் பார்க்கலாம். அதற்கும் ஆட்சேபம் வரும், "அப்படித் தும்மாது" என்று.

இப்போது இளகுகிற பகுதி. உங்கள் ஒன்றரை வயசைக் கொஞ்சம் கவனியுங்கள். நீங்கள் துணி காயப் போடும்போது கிளிப் கைதவறி விழுந்து, எட்டாமல் கையை நீட்டினால், அது தத்தித் தத்தி வந்து எடுத்துக் கொடுக்கும். வார்னெகன், டொமாசெல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006ல் இதையே ஆய்வாகச் செய்தார்கள், பதினெட்டு மாதக் குழந்தைகள், முன்பின் தெரியாத ஓர் ஆள். அந்த ஆள் கை நிறைய பத்திரிகைகளோடு மூடின அலமாரியில் போய் முட்டிக்கொண்டு நின்றால், குழந்தை தானாக நடந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, பரிசும் இல்லை. வேண்டுமென்றே கிளிப்பைத் தூக்கி எறிந்தால் பெரும்பாலும் அவை அசையவில்லை, அதுவும் சரிதானே! வீட்டில் இந்த உதவி நமக்கு இரட்டை வேலைதான், மடித்த துணியை எல்லாம் 'மடித்து' வைக்கும். இருந்தாலும் நாளெல்லாம் உங்களைப் பாடாய்ப் படுத்துகிற அதே ஆள்தான், நீங்கள் சிரமப்படுகிறீர்கள் என்று தெரிந்ததும் முதலில் எழுந்து வருகிறார்.

ஆறுதல் சொல்வதிலும் அதன் கணக்கே தனி. ஒரு சாயங்காலம் தலைவலி தாங்காமல் படுத்திருந்தேன். சின்னவன் வந்து பார்த்தான், போனான், தன்னுடைய துணியை இழுத்துக்கொண்டு வந்தான். அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை: அது ஒரு காலத்தில் போர்வை, ஓரம் நைந்து, துவைக்க விட மாட்டான் என்பதால் தனி வாசனையோடு, அவன் தூங்கும்போது மூக்கில் வைத்துக்கொள்வது, அக்கா தொட்டால்கூட ஊரைக் கூட்டுவான். அதை என் முகத்தில் போட்டு, நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டி, பக்கத்தில் உட்கார்ந்தான். மூச்சே விட முடியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "சரியாயிடுச்சா?" என்றான். ம்ம் என்றேன். "அப்ப குடு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், ஒரு குழந்தை அழுதால் இன்னொரு சின்னக் குழந்தை ஓடிப்போய்த் தன் அம்மாவைக் கூட்டி வரும், அழுகிற குழந்தையின் அம்மா பக்கத்திலேயே நின்றாலும். உனக்கு எது ஆறுதல் என்று யோசிக்கிற வயது வரவில்லை, எனக்கு ஆறுதலான ஒன்றை உனக்குத் தருகிறேன், அவ்வளவுதான். அந்தத் துணிக்கு என்ன மதிப்பு என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. புரூஸ் ஹுட், பால் புளூம் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008ல் வெளியிட்டது, எதையும் அப்படியே நகல் எடுக்கிற இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் குழந்தைகளிடம் காட்டினார்கள். மற்றப் பொம்மைகளின் நகலைக் குழந்தைகள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டன. கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மை, துணி என்று வந்தபோது அசல்தான் வேண்டும் என்றன, சில குழந்தைகள் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் உங்கள் தலைவலிக்குக் கடனாகத் தருகிறார்கள்.

ஒரு விஷயம் கறாராகச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அழுகிற முகத்துக்கு நேரே வேண்டாம், திரும்பிக்கொண்டோ அடுத்த அறைக்குப் போயோ சிரியுங்கள். கிரேயான் உடைந்து தேம்புகிற குழந்தையைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நாம் அழும்போது யாராவது எதிரே போனைத் தூக்கிப் பிடித்தால் எப்படி இருக்கும்? அதோடு, போனைத் தேடி எடுத்து கேமராவைத் திறப்பதற்குள் அந்தக் காட்சி முடிந்திருக்கும், அப்புறம் "இன்னொரு தடவை சொல்லு, சொல்லு" என்று கெஞ்சினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

படத்தைவிட அது சொன்ன வாக்கியத்தை எழுதி வையுங்கள். அன்றைக்கே, அது சொன்ன அதே சொல்லில், தப்பைத் திருத்தாமல். பெரியவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது அனேகமாக ஞாபகம் இருப்பதில்லை, உங்கள் குழந்தைகள் இரண்டு பேருக்கும் இருக்கப்போவதில்லை. நமக்கு ஞாபகம் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம், இரண்டாவது குழந்தை வந்ததும் எது யார் சொன்னது என்றே குழம்பிவிடும். பெயரும் வயதும் பக்கத்தில் போட்டுவிடுங்கள், பதினைந்து வயதில் "நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்" என்று இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டும்.